வெள்ளம் பாதித்த கிராமங்களுக்குச் சென்னையில் இருந்துகொண்டு உருப்படியாக என்ன செய்யலாம்?

பணம் அனுப்புவதைத் தாண்டி என்ன செய்யலாம், அடுத்த வெள்ளத்துக்குள் அந்த ஊரைத் தயார்படுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். தண்ணீர் வடிந்து, உதவ வந்த மற்றவர்கள் எல்லாம் திரும்பிய பிறகு போங்கள். ஒரே ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஐப்பசி வரைக்கும் அந்த ஊரை விடாதீர்கள்.

2024-ல் ஃபெஞ்சல் புயலின்போது, டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் வெளியேறியது. தென்பெண்ணைக் கரையில் ஊர் ஊராக மூழ்கியது. அரசூர் பக்கம் திருச்சி நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடிப் போக்குவரத்து நின்றது. அந்த வாரம் சென்னையில் இருந்து வண்டி வண்டியாகச் சாமான்கள் போயின. நான் பார்த்த வரையில், மெயின் ரோட்டை ஒட்டிய ஊர்களிலேயே பாதிச் சாமான்கள் காலியாகிவிட்டன. பொங்கலுக்கு அப்புறம் எந்த வண்டியும் வரவில்லை.

நாங்கள் நண்பர்கள் சிலர் போனது அப்போதுதான். அந்த ஊரில் அரிசி இருந்தது, போர்வை தேவைக்கு மேலேயே இருந்தது. ஓடாமல் கிடந்தவை மோட்டார்கள். உள்ளே வண்டல் புகுந்திருந்தது. காயாத மோட்டாருக்கு சுவிட்ச் போட்ட இடங்களில் காயில் கருகியிருந்தது. பக்கத்து டவுனில் காயில் கட்டுபவரிடம் வேலை மலைபோலக் குவிந்து கிடந்தது. அம்பத்தூரில் பட்டறை வைத்திருக்கும் ஒருவரைக் கையோடு அழைத்துப் போனோம். ஊராட்சி அலுவலகத் திண்ணையில் கடை விரித்தார். மோட்டாரைப் பிரித்து, சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, அப்புறம் குண்டு பல்பை உள்ளே வைத்துச் சூடு காட்டி மிச்ச ஈரத்தையும் எடுத்து, கரண்ட் கசிகிறதா என்று சோதிக்கும் மெகர் கருவியை வைத்துப் பார்த்த பிறகுதான் கரண்ட் கொடுத்தார். பேரிங் மாற்றியதோடு பிழைத்துக்கொண்ட மோட்டார்கள் நிறைய. விஷயம் பரவியதும் தையல் மெஷின்களும் வரிசைக்கு வந்தன. தன் மெஷினைத் தலையில் சுமந்து வந்த ஒரு அக்கா, "சோறு கொடுக்க நிறைய பேர் வந்தாங்க தம்பி, இதைப் பாக்கத்தான் யாரும் வரல" என்றார். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக், எலெக்ட்ரீஷியன், கொத்தனாரின் இரண்டு நாள் கூலியை நீங்கள் கொடுத்து அழைத்துப் போங்கள். இதைவிடப் பெரிய உதவி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது மாடு. வைக்கோல் போர் நனைந்து புழுங்கிவிட்டால் மாட்டுக்குத் தீனி கிடையாது. பால் வற்றும், வந்த விலைக்கு ஓட்டிவிடுவார்கள். வெள்ளம் படாத மாவட்டத்தில் இருந்து ஒரு லாரி வைக்கோல் கட்டு வாங்கி அனுப்புங்கள். மழைக்கு முன்பே தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டார்களா என்று கால்நடை மருந்தகத்திலும் கேட்டு வையுங்கள்.

பிறகு தாள் வேலை. அந்தப் புயலுக்கு அரசு அறிவித்த நிவாரணம் இறந்த பசுவுக்கு 37,500 ரூபாய், நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, சேதமான குடிசைக்கு 10,000. ஆனால் குத்தகைக்குப் பயிர் வைத்தவர் பெயர் பல நேரம் அடங்கலில் (யார் என்ன பயிர் வைத்தார் என்று வி.ஏ.ஓ. எழுதும் பதிவேட்டில்) இருக்காது. ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர் குடும்பங்கள் பலவற்றுக்கு ரேஷன் கார்டே கிடையாது. கார்டு இல்லையென்றால் கார்டுக்குக் கொடுக்கும் பணமும் இல்லை. ஒரு லேப்டாப்போடு உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கவும், தாலுகா ஆபீசுக்குக் கூடப் போகவும் ஆள் வேண்டும். சென்னையில் படித்தவர்களுக்கு இது கை வந்த வேலை. தலித் குடியிருப்புகள் பெரும்பாலும் ஊரின் தாழ்வான பகுதியில்தான் இருக்கின்றன. முதலில் மூழ்குவதும் அங்கேதான், உதவி கடைசியில் வருவதும் அங்கேதான். உங்கள் வண்டி முதலில் அங்கே நிற்கட்டும்.

இனி தயாரிப்பு. சித்திரை, வைகாசியில் ஊர்ப் பெரியவர்களோடு ஏரிக்கரையைச் சுற்றி நடந்து வாருங்கள். வரத்து வாய்க்கால் எங்கே தூர்ந்திருக்கிறது, கரை எங்கே பலவீனம், கலங்கலில் (ஏரி நிறைந்தால் தண்ணீர் வழியும் இடத்தில்) விழும் உபரி நீர் எந்த வழியாகப் போக வேண்டும், அந்த வழியை யார் அடைத்திருக்கிறார்கள் என்று எல்லாம் அவர்களுக்குத் தெரியும். உபரி நீருக்கு வழி இல்லாவிட்டால் தண்ணீர் கரை மேல் ஏறும், கரை உடையும். நீங்கள் படம் எடுங்கள், அளந்து வரைபடம் போடுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தூர்வாரத் தீர்மானம் போடச் சொல்லி ஊர்க்காரர்களே கேட்கட்டும். வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கிவிடும். அக்டோபர் 2 சபையில் பேச ஆரம்பித்தால் பொக்லைன் வருவதற்குள் மழை வந்துவிடும்.

தாழ்வான வயல்காரர்களிடம் சி.ஆர். 1009 சப்-1 ரகத்தைப் பற்றிப் பேசுங்கள். பூக்காத வளர்ச்சிப் பருவத்தில் இரண்டு வாரம் வரை தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும் நெல் அது. விதையை விதைப்புக்கு முன்பே வேளாண் விரிவாக்க மையத்தில் சொல்லி வைக்க வேண்டும்.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர் எந்த வீட்டில், மாசமாக இருப்பவர் யார், அவர்களைத் தூக்கிப் போக எந்த இரண்டு பையன்கள், பள்ளிக்கூடச் சாவி ராத்திரியில் யாரிடம் இருக்கும், மாடுகளை எந்த மேட்டுக்கு ஓட்டுவது, அணைத் தண்ணீர் வருகிறது என்றால் முதலில் யாருக்கு போன் வரும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் ரேஷன் கடைச் சுவரில் பெயின்டில் எழுதிவிடுங்கள்.

எந்த ஊர் என்று தேட வேண்டியதில்லை. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைக்காரர்கள் இல்லாத தெரு சென்னையில் ஏது? உங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணனிடமோ, கட்டட வேலைக்கு வரும் அக்காவிடமோ அவர்கள் ஊரைப் பற்றிக் கேளுங்கள். ஊருக்குள் உங்களைக் கூட்டிப் போக ஆளும் கிடைத்துவிடும்.