ஐ7 என்று சொன்னால் போதுமா?

வள்ளியூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, கேம் விளையாட ஒரு சிபியூ போடணும். மானிட்டர் இருக்கு, 75 ஹெர்ட்ஸ். அப்பா 70,000 ரூபாய் வரைக்கும் தாரேன்னு சொல்லியிருக்காங்க. ஒரு கடையில 28,000-க்கே ஐ7, 16 ஜிபி ராம் போட்டுத் தரோம்கிறாங்க. பிரெண்டு ரைசன்தான் எடுக்கணும்கிறான். இப்போ வேலரண்ட், ஜிடிஏ 5. போகப்போக பெரிய கேமும் விளையாடணும். எந்த பிராசஸர், எந்த மதர்போர்டு?"

தம்பி, முதலில் அந்த 28,000 ரூபாய் ஐ7 என்னவென்று பார்த்துவிடுவோம். ஐ7 என்பது இன்டெல் கம்பெனி பிராசஸர்களில் ஒரு வரிசையின் பெயர் மட்டும். அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. நான்கு இலக்கம் என்றால் முதல் இலக்கம் தலைமுறை, ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு. ஐ7-2600 இரண்டாம் தலைமுறை, 2011-இல் வந்தது. ஐ7-3770 மூன்றாவது, 2012. ஐ5-12400 பன்னிரண்டாவது. மூட்டையில் 'அம்பை 16' என்று எழுதியிருந்தாலும் எந்த வருஷத்து நெல் என்று கேட்டுத்தானே வாங்குகிறோம்? அரிசிக்காவது பழசு என்றால் ஒரு மதிப்பு உண்டு, பிராசஸருக்கு அதுவும் கிடையாது.

இந்த விலைக்கு ஐ7 என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: எங்கோ ஆபீஸ் கணினியிலிருந்து கழற்றிய ஐ7-2600, பேர் தெரியாத கம்பெனி போட்ட எச்61 போர்டு, பழைய வகையான டிடிஆர்3 ராம். "போர்டு புதுசு" என்பார்கள். அட்டை புதுசுதான், அதிலுள்ள சிப்செட், அதாவது போர்டை நடத்தும் சிப், 2011-இன் சரக்கு. விண்டோஸ் 11 ஆதரிக்கும் இன்டெல் பட்டியல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் வேலரண்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். போதாததற்கு, இந்தப் பழைய ஐ7-களில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லை, அது இல்லாமல் சில புதிய கேம்கள் திறக்கவே செய்யாது. கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முழு மாடல் நம்பர் என்ன?" எழுதித் தரத் தயங்கினால் அப்படியே வெளியே வந்துவிடலாம்.

சரி, 70,000-க்கு வருவோம். மானிட்டர் கையில் இருப்பதால் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பணத்தை கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குங்கள். பெரிய கேம்களில் படத்தை வரைவது கார்டுதான். வேலரண்ட் போன்றவை பிராசஸரை நம்பி ஓடும் என்பது உண்மை, ஆனால் உங்கள் மானிட்டர் ஒரு நொடிக்கு 75 படங்களுக்கு மேல் காட்டாது. அதற்கு ஆறு கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) உள்ள இன்றைய பிராசஸர் தாராளம். எட்டு கோர், பன்னிரண்டு கோர் என்று ஏறி, கார்டில் இறங்குவதுதான் நம் பக்கத்தில் அதிகம் நடக்கிற தப்புக் கணக்கு.

பிராசஸரையும் மதர்போர்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. போர்டில் பிராசஸர் உட்காரும் இடமான சாக்கெட் பொருந்த வேண்டும், ராம் எந்த வகை என்பதும் அதிலேயே முடிவாகிவிடும். ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கு டிடிஆர்4. 2022-இல் வந்த ஏஎம்5-க்கு டிடிஆர்5 மட்டும். இன்டெல்லில் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ1700. அதில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் வாங்க வேண்டும். 2024-இல் கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851 வந்துவிட்டது. அதனால் இன்று 1700 போர்டு எடுத்தால் 14-ஆம் தலைமுறையோடு வழி அடைபடும். ஏஎம்டி கதை வேறு. 2017-இல் முதல் ரைசனுக்கு ஏஎம்4 போர்டு வாங்கிய பலர், போர்டின் அடிப்படை மென்பொருளான பயோஸை மட்டும் புதுப்பித்துவிட்டு 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி வரைக்கும் அதே போர்டில் மாற்றிக்கொண்டார்கள். ஏஎம்5-க்கும் குறைந்தது 2027 வரை ஆதரவு என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. உங்கள் நண்பர் சொன்னதில் எனக்குப் பிடித்த காரணம் இதுதான். மற்றபடி ஐ5-12400எஃப் ஒன்றும் மட்டமான பிராசஸர் இல்லை.

ஆக, உங்கள் முன்னால் இருப்பது இரண்டு வழி. ஒன்று ரைசன் 5 5600, பி550 போர்டு, டிடிஆர்4. இன்னொன்று ரைசன் 5 7600, பி650 போர்டு, டிடிஆர்5. பிராசஸர், போர்டு, ராம் மூன்றுக்கும் சேர்த்து இரண்டு விதமாக விலை கேளுங்கள். 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியதால், ராமை விட்டுவிட்டுப் போடுகிற கணக்கு காலை வாரும். வித்தியாசம் 10,000 ரூபாய்க்குள் நின்றால் ஏஎம்5 எடுங்கள், நாலைந்து வருஷம் கழித்து பிராசஸரை மட்டும் மாற்றலாம். அதற்கு மேல் போய் கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்க வேண்டிவந்தால், யோசிக்காமல் 5600.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 5600 கேட்டால் "ஸ்டாக் இல்லை, 5600ஜி இருக்கு, 5500 இருக்கு, எல்லாம் ஒண்ணுதான்" என்பார்கள். ஒன்றில்லை. 5600-இல் எல்3 கேஷ், அதாவது பிராசஸருக்குள் இருக்கும் வேகமான சின்ன நினைவகம், 32 எம்பி, மற்ற இரண்டிலும் 16. கேம்களுக்கு இந்த கேஷ் முக்கியம். கிராபிக்ஸ் கார்டுக்கும் பிராசஸருக்கும் இடையிலான பாதையான பிசிஐஇ, 5600-இல் 4.0, அவற்றில் 3.0. ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டுகள் அந்தப் பாதையில் எட்டு லேன்களை (தடங்களை) மட்டும் வைத்துக்கொண்டு ஓடுபவை, பாதை பாதியாகச் சுருங்கினால் சில கேம்களில் தெரியும். கார்டை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறவர்களுக்கு 5600ஜி நல்லது. உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, வேலரண்ட் ஓடும்.

ஐ5-12400எஃப், ரைசன் 5 7500எஃப் என்று 'எஃப்' வருவதில் உள் கிராபிக்ஸ் கிடையாது, 5600-இலும் கிடையாது. 7600-இல் சின்னதாக ஒன்று உண்டு. சென்னையில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லாமல் இருக்கலாம். இங்கே கார்டு பழுதாகி வாரன்டிக்கு அனுப்பினால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கணினி இருட்டாகக் கிடக்குமா, கல்லூரி வேலைக்காவது ஓடுமா என்பது இந்தச் சின்ன கிராபிக்ஸைப் பொறுத்தது. 7500எஃப்-க்கும் 7600-க்கும் விலை கிட்டத்தட்ட வந்தால் நான் 7600 பக்கம்தான்.

போர்டில் ஆர்ஜிபி விளக்கைப் பார்க்காதீர்கள். பிராசஸர் சாக்கெட்டைச் சுற்றி விஆர்எம் என்ற மின்சாரப் பகுதி இருக்கிறது, அதன் மேல் உலோகத் தகடு, அதாவது ஹீட்சிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத அறையில் மணிக்கணக்கில் விளையாடும்போது முதலில் கொதிப்பது அந்தப் பகுதிதான். நாம் பேசுவது 65 வாட் பிராசஸர்கள், அதனால் நடுத்தர விலை பி550, பி650 போர்டே தாங்கும். எச்610 போன்ற அடிமட்ட போர்டில் ஐ7, ஐ9 போடுவதுதான் வம்பு. ராமுக்கு நாலு ஸ்லாட், எஸ்எஸ்டி செருகும் எம்.2-க்கு இரண்டு இருந்தால் நல்லது. விலை குறைவு என்று பி450 எடுத்தால், 5600-க்கு ஏற்ற பயோஸ் ஏற்றித் தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரை வராது.

யாராவது 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 பழசு மலிவாகத் தந்தால் கொஞ்சம் பொறுங்கள். அவற்றில் மின்னழுத்தக் கோளாறால் பிராசஸரே கெட்டுப்போன பிரச்சினை வந்தது. இன்டெல் 2024 ஆகஸ்டில் திருத்தம் கொடுத்து, வாரன்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. திருத்தம் ஏற்றுவதற்கு முன்பே சேதமான பிராசஸரை அது குணமாக்காது.

உங்கள் ஊருக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று ஆனியிலிருந்து ஆவணி வரை பணகுடி, வள்ளியூர் பக்கம் மண்ணை வாரிக்கொண்டு வரும். கேபினட்டில் தூசி வடிகட்டி இருக்கட்டும், அதைக் கழற்றிக் கழுவும் வசதியும் இருக்கட்டும். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வேண்டாம், 80 பிளஸ் புரோன்ஸ் (Bronze) என்ற மின்சிக்கனச் சான்று உள்ள 550 வாட் வாங்குங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் வீடென்றால் 1000 விஏ யூபிஎஸ்ஸும் சேரும். 600 விஏ என்பது கேம் ஓடும்போது விளிம்பில்தான் நிற்கும்.

ராம் 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாக வாங்கி, பயோஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யச் சொல்லுங்கள், அதுவரை ராம் அதன் முழு வேகத்தில் ஓடாது. ஏஎம்5 போர்டில் பின்கள் சாக்கெட்டில்தான் இருக்கும், ஒன்று வளைந்தாலும் வாரன்டி போச்சு. சாக்கெட்டை மூடி வரும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் கடையிலேயே கேட்டு வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள். போர்டை வாரன்டிக்கு அனுப்பும்போது அந்த மூடியோடுதான் அனுப்ப வேண்டும்.