பெயரில் டர்னிப், பிறப்பில் அவரைக் குடும்பம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்துக்குப் போனபோது, பூண்டுச் சரம் போலப் பின்னித் தொங்கவிட்டிருந்த வெள்ளைக் கிழங்கு ஒரு சரம் வாங்கினோம். அட்டையில் ‘பிரெய்ரி டர்னிப்’ என்று எழுதியிருந்தது. கடைக்கார அம்மா ‘திம்ப்சிலா’ என்றார். வீட்டுக்கு வந்து தேடினால் ‘பிரெட்ரூட்’ என்கிறார்கள். மூன்றும் ஒன்றுதானா? தமிழில் என்ன பெயர் சொல்வது?
— வாசகி, மினியாபோலிஸ்

பதில்: மூன்றும் ஒன்றுதான். தாவரவியலில் பீடியோமீலம் எஸ்குலென்டம். பழைய நூல்களில் சோராலியா எஸ்குலென்டா. ‘எஸ்குலென்டா’ என்றால் உண்ணத் தகுந்தது. டர்னிப் கடுகுக் குடும்பத்துக் காய். இதுவோ அவரை, துவரை, நிலக்கடலையின் குடும்பம். தோலுரித்த பச்சைக் கிழங்கைக் கடித்துப் பார்த்தாலே பச்சை நிலக்கடலை வாசம் வரும். டர்னிப்பின் காரம் துளியும் இருக்காது.

மண்ணுக்குள் உருண்டையாக ஒன்றைக் கண்ட வெள்ளையர்கள் தங்களுக்குத் தெரிந்த காயின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். பிரெஞ்சு வணிகர்கள் ‘பொம் பிளான்ஷ்’, அதாவது வெள்ளை ஆப்பிள் என்றார்கள். மிசௌரி ஆற்றுப் பயணத்தில் 1805 மே 8 அன்று அமெரிக்க ஆய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ் இதைத் தம் குறிப்பேட்டில் விரிவாக எழுதியதும் ‘வெள்ளை ஆப்பிள்’ என்றுதான். தனியாகத் தின்றால் சப்பென்று இருக்கிறது என்பது அவர் தீர்ப்பு. உங்கள் மினசோட்டாவில் ஓடும் பொம் த தேர் ஆற்றின் பெயரைக் கேட்டால் உருளைக்கிழங்கு நினைவுக்கு வரும்; பிரெஞ்சில் உருளைக்கிழங்குக்கு அதுதான் பெயர். அந்தப் பெயரும் இந்தக் கிழங்கால் வந்ததே.

தமிழில் இதற்குப் பெயர் கிடையாது. இங்கே விளையாத செடிக்குப் பெயர் இல்லாததில் குறை ஒன்றும் இல்லை. தயவுசெய்து நூல்கோல் என்று மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். நம்மிடம் ஏற்கெனவே நூல்கோலுக்கும் டர்னிப்புக்கும் குழப்பம் இருக்கிறது. அந்தப் பகுதியின் பழங்குடிகளான லகோட்டா மக்களின் ‘திம்ப்சிலா’வையே வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஜூனைத் திம்ப்சிலா பூக்கும் மாதம் என்கிறார்கள். எப்போது தோண்டுவது என்ற கணக்கும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: அதே காய்ந்த கிழங்கை ஒரு மணி நேரம் வேகவைத்தேன். வெளியே குழைந்தது, உள்ளே ரப்பர். எங்கே தவறு?
— வாசகர், சிகாகோ

பதில்: ஊறவைக்காததுதான் தவறு. நன்றாகக் காய்ந்த திம்ப்சிலா இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கூழாங்கல் போலச் சத்தம் வரும். உள்ளே மாவு அவ்வளவு நெருக்கம். தண்ணீர் நடுவரை போக நேரம் பிடிக்கும். 200 கிராம் கிழங்கை ஒரு லிட்டர் தண்ணீரில் 12 மணி நேரம் ஊறவிட்டு, நான்காக நறுக்கி, மூடி போட்டுச் சிறு தீயில் இரண்டு முதல் மூன்று மணி நேரம் வேகவிடுங்கள். கத்தி நுனி நடுவரை தடையின்றி இறங்கினால் பதம். அதன் பிறகும் நார் பல்லில் சிக்கினால் கிழங்கே முற்றியது. எத்தனை மணி நேரம் வைத்தாலும் இளகாது. லகோட்டா மக்கள் இதைச் சூப்பில் காட்டெருமை இறைச்சி, உலர்ந்த சோளத்தோடு சேர்ப்பார்கள். மாவு வேண்டுமானால் முதலில் உரலில் இட்டு நொறுக்குங்கள். முழுசாக மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும்.

சரத்தில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் உள்ளே ஈரம் நின்று பூசணம் பிடித்திருக்கிறது. அந்தக் கிழங்கை எறிந்துவிடுங்கள்.

கேள்வி: இது நம் கார்போக அரிசிக்கு உறவு என்கிறார்களே?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: உறவுதான். இரண்டும் ஒரு காலத்தில் சோராலியா என்ற ஒரே பேரினத்தில் இருந்தன. இப்போது கார்போக அரிசியைக் கல்லன் பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். உறவு என்பதற்காக அதைத் தின்னலாம் என்று எண்ண வேண்டாம். கார்போக அரிசி வெண்புள்ளிக்கு மருந்தாகும் விதை. அதிலுள்ள சோராலென் என்ற வேதிப்பொருள் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும், கொப்புளமும் வரும்.

கேள்வி: நாங்களே தோண்டலாமா? லூபின் என்ற நச்சுச் செடியும் இதே போல் இருக்குமாமே?
— வாசகி, டென்வர்

பதில்: பயம் நியாயமானது. இரண்டுக்கும் விரித்த கை போன்ற இலை, நீலப் பூ. திம்ப்சிலாவுக்குப் பெரும்பாலும் ஐந்து சிற்றிலை. லூபினுக்கு ஐந்தும் உண்டு, ஏழு, ஒன்பதும் உண்டு. ஆகவே இலையை எண்ணி முடிவு செய்யாதீர்கள். தண்டைத் தடவிப் பாருங்கள்: திம்ப்சிலாவில் நீண்ட வெள்ளை மயிர் விறைத்து நிற்கும். பூங்கொத்து குட்டையாக, நெருக்கமாக இருக்கும். லூபினில் நீளமாக எழும். லூபினின் காய் பட்டாணிக் காய் போல வெளியே தெரியும், உள்ளே பல விதைகள். திம்ப்சிலாவின் காய் சிறியது, பூவின் அடியிலுள்ள புல்லிவட்டத்துக்குள் ஒளிந்திருக்கும், ஒரே விதை. கடைசிச் சான்று வேர்: கரும்பழுப்புத் தோல் போர்த்திய முட்டை போன்ற கிழங்கு இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

தேசியப் பூங்காவில் தோண்டுவது குற்றம். மற்ற இடங்களில் நிலத்துக்காரரிடமும், பழங்குடி நிலமானால் அந்த மக்களிடமும் கேட்டாக வேண்டும். ஜூனிலும் ஜூலைத் தொடக்கத்திலும்தான் முடியும். பிறகு தண்டு தரையோடு ஒடிந்து, காற்றில் உருண்டு, விதையைத் தூவிக்கொண்டே போய்விடும்; கிழங்கு எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

செடியைப் பிடித்து இழுத்தால் தண்டு மட்டும்தான் கையோடு வரும். நாலு விரல் தள்ளிக் கடப்பாரையை ஒரு சாண் ஆழம் இறக்கி நெம்புங்கள். அடியில் உள்ள வால் வேர் அறுந்தால் சரம் பின்ன முடியாது. தோலை அன்றைக்கே உரியுங்கள். ஒரு நாள் தாண்டினால் கிழங்கோடு ஒட்டிக்கொள்ளும். வால் துவளும்போதே பின்னி, நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள்.

கிழங்கு தேறுவதற்குச் சில ஆண்டுகள் ஆகும், எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. எனவே ஓரிடத்தில் பத்துச் செடி இருந்தால் இரண்டுக்கு மேல் தொடாதீர்கள். கிழங்கை அறுத்துக்கொண்டு, காய் பிடித்த தலைப்பை அதே குழியில் வைத்து மண்ணைத் தள்ளி மிதித்துவிடுங்கள்.