‘மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன்’: ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

‘ஹேவ் பீன் ஒர்க்கிங்’ போன்ற ஆங்கில வினைவடிவமான பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் பற்றித் தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் கேட்டவற்றுக்கு ஓர் ஆங்கில ஆசிரியரின் பதில்கள்.

ஓசூர், தொழிற்சாலை ஊழியர்: நேர்காணலில் ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்றேன். திருத்தினார்கள். என்ன தவறு, ஐயா?

இரண்டு தவறுகள், தம்பி. ஒன்று தமிழால் வந்தது. மற்றொன்று தமிழை மறந்ததால் வந்தது. ‘மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன்’ என்பதற்கு நமக்கு நிகழ்காலமே போதும். ஆங்கிலத்துக்குப் போதாது. முன்பே தொடங்கி இன்னும் நடப்பதை வினையும் காட்ட வேண்டும்: ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்.’ அடுத்தது சின்ஸ். ‘மூன்று ஆண்டுகளாக’, ‘திங்கட்கிழமையிலிருந்து’ ஆகிய இரண்டையும் தமிழில் நீங்கள் ஒருநாளும் குழப்பியிருக்க மாட்டீர்கள். ‘ஆக’ வந்தால் ஃபார்; ‘முதல்’, ‘இருந்து’ வந்தால் சின்ஸ். தமிழே வழிகாட்டும், நம்புங்கள்.

பாலக்கோடு, கல்லூரி மாணவி: ‘ஐ ஹேவ் பீன் நோயிங் ஹர்’ சரியா?

இல்லை, அம்மா. அறிதல் ஒரு நிலை, செயல் அன்று. ‘ஐ ஹேவ் நோன் ஹர் ஃபார் டென் இயர்ஸ்’ என்பதே சரி. ‘இருத்தல்’ என்பதும் அப்படித்தான். தர்மபுரியிலிருந்து பிரிந்து 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. இன்றும் மாவட்டமாக இருக்கிறது: ‘கிருஷ்ணகிரி ஹேஸ் பீன் எ டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 2004.’ இங்கே பீனுக்குப் பின் இன்னொரு வினை வேண்டாம்.

காவேரிப்பட்டணம், மா விவசாயி: வேலை முடிந்த பிறகும் இப்படிச் சொல்லலாமா?

தாராளமாக. எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். மாங்காய் பறித்துவிட்டு வீட்டுக்கு வருகிறீர்கள். காம்பிலிருந்து வடிந்த பால் விரலில் பிசுபிசுக்கிறது, சட்டையெல்லாம் கறை. என்ன ஆயிற்று என்று கேட்பவருக்கு, ‘ஐ ஹேவ் பீன் பிக்கிங் மேங்கோஸ்’ என்பது பதில். பறிப்பது நின்றுவிட்டது, அதன் தடம் கையில் இருக்கிறது. எத்தனை கூடை என்று கணக்குச் சொன்னால் வடிவம் மாறும்: ‘ஐ ஹேவ் பிக்டு டென் பாஸ்கெட்ஸ்.’

அரூர், பிளஸ் டூ மாணவர்: கேள்வியாக மாற்றுவது எப்படி, ஐயா?

ஹேவ் எழுவாய்க்கு முன்னே போகும், அவ்வளவுதான். தர்மபுரி பஸ் நிலையத்தில் ஒகேனக்கல் பஸ்சுக்குக் காத்திருக்கும் வெளிநாட்டவரிடம் கேட்டுப் பாருங்கள்: ‘ஹவ் லாங் ஹேவ் யூ பீன் வெயிட்டிங்?’