சந்தையில் பழைய வாட்ச்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: போச்சம்பள்ளி சந்தையில் பழைய சாமான் விற்பவர் ஒருவரிடம் சாவி கொடுக்கும் எச்.எம்.டி. பைலட் ஒன்றும், சீகோ 5 ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறுவது) ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் சேர்த்து 7,000 ரூபாய் சொல்கிறார். பைலட்டுக்குச் சிவப்பு டயல், புத்தம் புதுசு போல இருக்கிறது. சீகோ 1968-ல் வாங்கியது என்கிறார், பின்மூடியில் 7009 என்று ஓர் எண் இருக்கிறது. ஒரிஜினல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பைலட்டை விட்டுவிடுங்கள். அந்தக் காலத்து பைலட் என்றால் கருப்பு டயல், வெள்ளை எண்கள். சிவப்பு, பச்சை, மினுமினுப்பு நீலம் என்று கண்ணைப் பறிக்கிற டயலோடு இன்று சந்தைக்கு வருபவை பெரும்பாலும் பழைய டயலைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பெயிண்ட் அடித்து, மேலே எழுத்து அச்சடித்தவை. மும்பை இதற்குப் பேர்போன இடம். உள்ளே ஓடும் மெஷின் நிஜ எச்.எம்.டி. ஆகவே இருக்கலாம், நேரமும் ஒழுங்காகக் காட்டலாம், ஆனால் பழைய வாட்சின் விலையில் பெரும்பங்கு டயலில்தான் இருக்கிறது, அது போனால் மிச்சம் இருப்பது ஓடுகிற ஒரு வாட்ச், அவ்வளவுதான்.

அதனால் எந்த வாட்சானாலும் முதலில் டயல். போன் கேமராவைக் கிட்டத்தில் பிடித்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினாலே பாதி கதை வெளியே வந்துவிடும். எழுத்து தடித்து, ஓரம் பிசிறாக இருக்கிறதா? நிமிடக் கோடுகள் சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கின்றனவா, இல்லை ஒரு பக்கம் நெருங்கி ஒரு பக்கம் விலகியா? ஒட்டிய உலோக எண்களின் விளிம்பில் பெயிண்ட் ஏறியிருக்கிறதா? தொழிற்சாலை அச்சு மங்கும், புள்ளி விழும், ஓரத்தில் பழுப்பேறும், ஆனால் கோணலாக இருக்காது. ஐம்பது வருஷ வாட்சில் டயல் மட்டும் நேற்று வந்தது போல இருந்து, கேஸ் (வெளிக்கூடு) முழுக்கக் கீறலாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து முட்கள். நிமிட முள் நிமிடக் கோடு வரை எட்ட வேண்டும். குட்டையாகவோ, கோட்டைத் தாண்டியோ இருந்தால் வேறு வாட்சின் முள்ளை மாட்டியிருக்கிறார்கள். இருட்டில் ஒளிரும் பூச்சு உள்ள வாட்ச் என்றால் முள்ளிலும் டயலிலும் அந்தப் பூச்சு ஒரே மாதிரி வயதாகியிருக்க வேண்டும். டயலில் பழுப்பு, முள்ளில் பளிச்சென்று பச்சை என்றால் ஏதோ ஒன்று பிற்பாடு வந்தது. (1960-க்கு முந்தைய சுவிஸ் வாட்ச் என்றால் அந்தப் பூச்சு ரேடியமாக இருக்கலாம். கதிரியக்கப் பொருள் அது, திறந்து சுரண்டிப் பார்க்கும் வேலை வேண்டாம்.)

சரி, சீகோவுக்கு வருவோம். விற்பவர் சொல்லும் 1968 பொய், அல்லது அவருக்கே தெரியவில்லை. 7009 என்பது மெஷினின் எண், அது 1970-களில் வந்த மெஷின், 1968-ல் கிடையாது. இதனால் மட்டும் வாட்ச் போலி என்று ஆகிவிடாது, வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார், அவ்வளவே. பின்மூடியில் ஆறு இலக்கத்தில் இன்னொரு எண் இருக்கும், அதில் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 82 என்று தொடங்கினால் எட்டில் முடியும் ஒரு வருஷத்தின் பிப்ரவரி, 7009 ஆனதால் 1978 அல்லது 1988. நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி எழுத்து போடுவார்கள். அப்புறம் டயலின் அடியில், ஆறு மணிக்குக் கீழே, கண்ணாடி ஓரமாகப் பொடி எழுத்தில் ஒரு எண் ஓடும். அதுவும் பெரும்பாலும் 7009 என்றே தொடங்கும். அந்த எழுத்தே இல்லை என்றால் டயல் மறுபெயிண்ட் ஆக வாய்ப்பு அதிகம். வேறு எண் இருந்தால் டயலோ பின்மூடியோ மாறியிருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கடைசியாக, பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சந்தையில் முடியாது என்பார், அப்படியானால் கிருஷ்ணகிரியில் ஒரு வாட்ச் மெக்கானிக்கிடம் போய் விற்பவர் முன்னாலேயே திறக்கலாம், அதற்கும் வர மறுத்தால் விட்டுவிட வேண்டியதுதான். உள்ளே மெஷினில் 7009, 17 ஜுவல்ஸ் (மெஷின் தேயாமலிருக்க உள்ளே வைக்கும் பொடிக் கற்கள்) என்று பொறித்திருக்க வேண்டும், துரு இருக்கக் கூடாது. ஓசூர் பக்கம் டைட்டனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் யாராவது தெரிந்தவர் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. (டைட்டன் என்றதும் ஞாபகம் வருகிறது, அந்தக் கம்பெனி தொடங்கியதே 1984-ல், ஆகவே '1975 டைட்டன்' என்று யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நகரலாம்.)

கண்ணாடி, பட்டை மாறியிருந்தால் பொருட்படுத்தாதீர்கள், இத்தனை வருஷத்தில் மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். திருகும் சாவி மாறியிருந்தால் விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள். கேஸை அளவுக்கு மீறி பாலிஷ் போட்டிருந்தால் பட்டை மாட்டும் முனைகள் சோப்புக்கட்டி போல மழுங்கியிருக்கும், பின்மூடி எழுத்தும் தேய்ந்திருக்கும், அதற்கும் குறைக்கலாம்.

இரண்டையும் சேர்த்துத்தான் தருவேன் என்று விற்பவர் பிடிவாதம் பிடித்தால், பைலட்டுக்கு ஒரு சாதாரண பழைய வாட்சின் விலையை மட்டும் போட்டுப் பேசுங்கள். சீகோ எண்களெல்லாம் ஒத்துப் போனாலும், கழற்றித் துடைத்து எண்ணெய் விடும் செலவை அவர் கேட்கும் விலையிலிருந்து கழித்துவிட்டே கை நீட்டுங்கள், ஏனென்றால் சந்தைக்கு வருகிற வாட்சுகளில் சர்வீஸ் பார்த்து வந்தவை அபூர்வம்.