அமெரிக்க நகர வீட்டுவசதி அமைப்புகளில் ‘504 ஒருங்கிணைப்பாளர்’ என்பவர் யார்?

நியூயார்க் போன்ற நகரங்களில் அரசு வாடகை வீடுகளை நடத்தும் அமைப்புக்குள்ளேயே இருந்து, மாற்றுத்திறனாளிகள் அங்கே தடையின்றி வாழ என்ன தேவை என்று ஆலோசனை சொல்பவர். மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தத் திட்டமும் அவர்களை ஒதுக்கக் கூடாது என்கிறது 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆவது பிரிவு. அதையொட்டிய விதிகளின்படி, அந்தப் பணத்தில் கட்டும் புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குறைந்தது 5 சதவீத வீடுகள் நடமாட்டச் சிரமம் உள்ளவர்களுக்கும், மேலும் 2 சதவீதம் பார்வை அல்லது செவித்திறன் குறைந்தவர்களுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும்.

இதற்குத் தனியாக ஓர் ஆள் எதற்கு? சுவர் பூசும் முன்பே மின்குழாய் பதிப்பதைப் போலத்தான். கதவின் அகலத்தை வரைபடத்திலேயே திருத்தினால் செலவு சொற்பம். கட்டி முடித்தபின் என்றால் இடிக்கத்தான் வேண்டும்; அப்போது யாரும் மனமுவந்து செய்வதில்லை.

சாய்தளம் போடச் சொல்வது மட்டுமே இவர் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பார்வையற்றவருக்கு வாடகை நோட்டீஸைப் பிரெய்லியில் தரச் சொல்வதும், நாய் வளர்க்கத் தடையுள்ள கட்டடத்தில் உதவி நாய்க்கு விலக்குக் கேட்பதும் இதில் சேர்ந்தவையே.