கேளுங்க சொல்றோம்: இஞ்சின் இல்லாத கோச்சி

கேள்வி: அண்ணே, அம்மாவோட கண் ஆபரேஷனுக்கு சென்னை போயிருந்தோம். தாம்பரத்துல இருந்து பீச் ஸ்டேஷன் வரைக்கும் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல போனோம். முன்னாலயும் இஞ்சின் இல்ல, பின்னாலயும் இல்ல, ஆனா நின்ன இடத்துல இருந்து விருட்டுனு கிளம்புது. எப்டிண்ணே?
ஹட்டன் வாசகி

பதில்: இஞ்சின் இல்லாம எங்க தங்கச்சி ஓடும், அதப் பிரிச்சு பெட்டிக்கு அடியில வச்சிருக்காங்க, அவ்ளோதான். சில பெட்டி மோட்டார் பெட்டி, அதுங்களுக்கு அடியிலயே மோட்டார் இருந்து சக்கரத்த சுத்தும், மத்ததெல்லாம் சும்மா கூட வர்ற பெட்டி. சுத்துற சக்கரம் வண்டி நெடுக பல இடத்துல இருக்கறதால தண்டவாளத்துல பிடிமானம் ஜாஸ்தி, அதான் அந்த விருட்டு. கிட்டக்கிட்ட ஸ்டேஷன் இருக்க லைனுக்கு இதான் சரி.

கூரை மேல மடக்குற கை மாதிரி ஒன்னு கம்பியத் தொட்டுக்கிட்டே வரும்ல, பாண்டோகிராஃப், அது வழியாத்தான் 25,000 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு இறங்குது. அடுத்த தடவ போனா கம்பிய நல்லா பாருங்க, தண்டவாளத்துக்கு நேரா போகாது, ஒரு போஸ்ட்ல கொஞ்சம் இடப்பக்கம் அடுத்ததுல வலப்பக்கம்னு கோணலா கட்டியிருப்பாங்க, நேரா கட்டுனா ஒரே இடத்துல உரசி உரசி அந்தக் கையில இருக்க கார்பன் பட்டையில பள்ளம் விழுந்துரும்.

இந்த லைன் புதுசும் இல்ல. 1931 மே மாசமே பீச்-தாம்பரம் கரண்ட் வண்டி ஓட ஆரம்பிச்சிருச்சு, அப்ப மீட்டர் கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு மீட்டர், கரண்ட் 1500 வோல்ட் டிசி, ஒரே திசையில ஓடுற கரண்ட். அறுபதுகள்ல திசை மாறி மாறி ஓடுற ஏசி கரண்டுக்கு மாத்துனாங்க, 2004ல மீட்டர் கேஜ் வண்டி நின்னுச்சு, 2025 ஏப்ரல்ல கதவு தானா மூடுற குளுகுளு வண்டியும் வந்துருச்சு.

கேள்வி: பதுளைக்கு வர்ற நீலக் கலர் சைனா கோச்சியும் இஞ்சின் இல்லாமத்தானே வருது, அதுவும் கரண்டா?
பண்டாரவளை மாணவர்

பதில்: இல்ல தம்பி, அது பவர் செட். ரெண்டு நுனிப் பெட்டிக்குள்ளயும் டீசல் இஞ்சின் இருக்கு, பக்கத்துல நின்னா சத்தத்துலயே தெரிஞ்சிரும். இலங்கைல இன்னும் ஒரு கரண்ட் கோச்சி கூட ஓடல. 2019ல வடக்க காங்கேசன்துறை போற உத்தரதேவிக்கு விட்டது சென்னை பெரம்பூர்ல ரயில் பெட்டி செய்யுற ஐசிஎஃப் ஃபேக்டரில செஞ்சது, அதுவும் டீசல்தான்.

கேள்வி: லக்ஷபான கரண்ட் நம்ம மலையில இருந்துதான் போகுது. அப்ப நம்ம கோச்சிக்கு மட்டும் ஏன் டீசல்?
தலவாக்கலை பெரியவர் ஒருத்தர்

பதில்: நியாயமான கேள்விங்க ஐயா. தண்ணியில இருந்து கரண்ட் எடுக்கலாம்னு இன்ஜினியர் விமலசுரேந்திர 1918லயே கட்டுரை எழுதிட்டார், லக்ஷபான நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது 1950ல, நோர்ட்டன் பிரிட்ஜ்ல ஒரு பவர் ஸ்டேஷனே அவர் பேர்ல இருக்கு. கரண்ட் வண்டிக்கு நம்ம ஏத்தம் ரொம்பப் பொருத்தமும் கூட. 44 அடிக்கு ஒரு அடி ஏறுற லைன் இது, பட்டிப்பொல 6,226 அடி உசரம், அங்க இருந்து நானுஓயாவுக்கு இறங்குறப்போ புது மாதிரி கரண்ட் வண்டின்னா பிரேக் போடப் போட மோட்டாரே ஜெனரேட்டரா மாறி கரண்ட திருப்பி கம்பிக்கு அனுப்பும், ஏறி வர்ற வண்டி அத எடுத்துக்கலாம். நம்ம டீசல் கோச்சி அந்த சக்தியையெல்லாம் சூடாக்கி வீணாக்கிட்டுத்தான் இறங்குது.

ஆனா செலவு இருக்கே. கம்பி இழுக்கணும், போஸ்ட் நடணும், சப்ஸ்டேஷன் கட்டணும், 40க்கு மேல இருக்க சுரங்கத்துல ஒவ்வொன்னுலயும் கம்பிக்கும் கூரைக்கும் நடுவுல இடைவெளி இருக்கான்னு பாக்கணும், இல்லன்னா கூரைய வெட்டணும் இல்ல தண்டவாளத்த இறக்கணும். ஒரு நாளைக்கு விரல் விட்டு எண்ணுற அளவு கோச்சி ஓடுற லைன்ல அந்தக் காச எப்ப எடுக்குறது? சென்னையில சில நிமிஷத்துக்கு ஒரு வண்டி, அதான் கட்டுப்படியாகுது. நம்ம நாட்டுல கம்பி மொதல்ல வர வேண்டியது ஆபீஸ் கூட்டம் பிதுங்குற கொழும்புப் பக்கம்தான், அதுல எனக்கு சண்டை இல்ல. நம்ம பக்கத்துக்கு என்னக் கேட்டா இருக்க டீசலுக்கே இன்னும் ரெண்டு மூணாங்கிளாஸ் பெட்டி சேர்க்கச் சொல்லுவேன், எல்ல போற டூரிஸ்ட் சீட்டெல்லாம் புக் பண்ணிட்டுப் போக நம்ம சனம் மூட்டையோட வாசப்படியில தொங்கிட்டுல்ல வருது.