பழைய எஸ்யூவிய 2 இஞ்ச் தூக்கி பெரிய டயர் போடணுமா? கேள்வியும் பதிலும்

லேடர் சேஸி (ஏணி மாதிரி இரும்பு ஃபிரேம் மேல பாடி உக்கார்ற அமைப்பு) வச்ச பழைய எஸ்யூவிங்கள தூக்கறத பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க, முடிஞ்ச வரைக்கும் சொல்றேன். இது எல்லாமே 2 இஞ்ச் வரைக்கும் தூக்கறவங்களுக்கு மட்டும்தான், அதுக்கு மேலன்னா வேலையே வேற.

கேள்வி: அண்ணா, 2 இஞ்ச் தூக்குனா அடியில கல்லு இடிக்காதுல்ல?

எந்த எடம்னு பாக்கணும் தம்பி. பின்னாடி ரெண்டு சக்கரத்தையும் ஒரே தண்டா சேர்க்கற முழு ஆக்ஸில் வண்டின்னா, நடுவுல உருண்டையா தொங்குற டிஃபரன்ஷியல் (ரெண்டு சக்கரத்துக்கும் இழுவைய பிரிச்சு குடுக்கற கியர் பெட்டி) சக்கரத்தோடயே சேர்ந்து இருக்கு, ஸ்பிரிங்க நீங்க எவ்வளவு தூக்குனாலும் அது ஒரு மி.மீ. கூட மேல வராது. அத தூக்கறது டயர் மட்டும்தான், அதுலயும் பாதிதான் கிடைக்கும். 245/70 ஆர்16 (அகலம் 245 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதுல 70%, ரிம் 16 இஞ்ச்) டயர் உயரம் சுமாரா 749 மி.மீ., 265/75 ஆர்16 போட்டா 804, வித்தியாசம் 55, அதுல பாதி 27 மி.மீ.தான் டிஃபரன்ஷியலுக்கு அடியில ஏறும். அப்ப சஸ்பென்ஷன தூக்கறது எதுக்குன்னா சேஸியும் டேங்கும் ஃபுட்போர்டும் மேல போகணும், அந்த பெரிய டயர் மட்கார்டுல உரசாம சுத்தணும், அதுக்குத்தான்.

கேள்வி: 20 வருஷ வண்டி, வேலைய எங்கருந்து ஆரம்பிக்கறது?

டேப் எடுத்து அளந்துட்டு ஆரம்பிங்க, தூக்கறதுக்கு வாங்கற லிஃப்ட் கிட் எல்லாம் அப்புறம். சமதளத்துல நிறுத்தி சக்கரத்தோட நடுவுலருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் 4 மூலையும் அளந்து எழுதி வைங்க. என் வண்டியில வலது பின்பக்கம் இடதவிட 22 மி.மீ. கீழ இருந்துச்சு, அத்தனை வருஷம் ஓட்டியும் கண்ணுக்கு தெரியல. ஸ்பிரிங் தளந்து போன வண்டிக்கு புதுசா ஒரிஜினல் ஸ்பிரிங் போட்டாலே இழந்த உயரம் திரும்ப வந்துடும், சில பேருக்கு அதுவே போதும்.

அடுத்து முன்பக்கம் ஜாக்கி போட்டு தூக்கி, ஸ்டாண்டுல உக்கார வச்சுட்டு, சக்கரத்த மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. லொட லொடன்னு ஆடுதா, உள்ள இருந்து ஒருத்தர பிரேக் மிதிக்க சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. ஆட்டம் நின்னுடுச்சுன்னா வீல் பேரிங், நிக்கலன்னா பால் ஜாயிண்ட் (சக்கரத்த சஸ்பென்ஷன் ஆர்மோட சேர்க்கற உருண்டை மூட்டு) பக்கம் பாருங்க. பக்கவாட்டுல பிடிச்சு ஆட்டும்போது மட்டும் ஆடுனா டை ராடு எண்ட் (ஸ்டியரிங்லருந்து சக்கரத்துக்கு வர்ற கம்பியோட முனை மூட்டு). தேஞ்ச பால் ஜாயிண்டோட வண்டிய தூக்கி கனமான டயர் வேற மாட்டாதீங்க, கெஞ்சி கேக்கறேன், ஸ்டியரிங்க நம்பித்தான் குடும்பமே உள்ள உக்காந்திருக்கு.

கேள்வி: எனக்கு முன்னாடி டார்ஷன் பார் (சுருள் ஸ்பிரிங்குக்கு பதிலா முறுக்கிக்கற இரும்புத் தண்டு). போல்ட்ட முறுக்குனா போதும்ங்கறாங்களே?

உயரம் வரும், ஆனா அது சும்மா வரல. சக்கரம் மேல கீழ போற மொத்த தூரம் மாறாது, வண்டி நிக்கற உயரத்த மட்டும் நீங்க மேல நகர்த்துறீங்க, அதனால கீழ இறங்கறதுக்கு எடம் குறைஞ்சிடும், பள்ளத்துல எறங்கும்போது மேல் ஆர்ம் ரப்பர்ல போய் டொக்குன்னு இடிக்கும். சிவி ஜாயிண்டும் (முன் சக்கரத்துக்கு இழுவைய கொண்டு போற வளையற மூட்டு) எப்பவும் வளைஞ்சே சுத்தும், அத மூடியிருக்கற ரப்பர் பூட் கிழிஞ்சு சக்கரத்து உள்பக்கமெல்லாம் கிரீஸ் தெறிச்சிருந்தா காரணம் இதுவா இருக்கலாம். ஒன்றரை இஞ்சோட நிறுத்திக்கோங்க. முறுக்கறதுக்கு முன்னாடி போல்ட்டுல பெயிண்ட் அடையாளம் போட்டு எத்தனை சுத்துன்னு எழுதுங்க, சக்கரம் தொங்கும்போதுதான் முறுக்கணும். முடிஞ்சதும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

கேள்வி: பின்னாடி கமான் பட்டை (அடுக்கு பட்டை ஸ்பிரிங்), அதோட முனைய சேஸில தொங்க விடற ஷேக்கிள நீளமா போடலாமா?

ஷேக்கிள் 2 இஞ்ச் நீளமானா வண்டி 1 இஞ்ச்தான் ஏறும், கூடவே ஆக்ஸிலும் லேசா திரும்பி பிராப்பல்லர் ஷாஃப்ட் (கியர் பக்கத்துலருந்து பின் ஆக்ஸிலுக்கு போற சுத்தற தண்டு) கோணம் மாறும், ஒரு குறிப்பிட்ட ஸ்பீடுல அதிருதுன்னு சொல்றவங்க முதல்ல அங்க பாருங்க. எனக்கு புது பட்டை செட்டுதான் இஷ்டம். பட்டைய ஆக்ஸிலோட கட்டற யு போல்ட் கழட்டுனா புதுசு போடுங்க, சில நூறு கி.மீ. ஓடினதும் மறுபடி டைட் பண்ணுங்க.

கேள்வி: தூக்கி 3 மாசம்தான் ஆச்சு, சஸ்பென்ஷன் ஆர்ம் மூட்டுல இருக்கற ரப்பர் புஷ் எல்லாம் கிழிஞ்சு போச்சு சார். மட்டமான புஷ்ஷா?

புஷ் மேல தப்பு இருக்கணும்னு இல்ல. வண்டி ஸ்டாண்டுல இருக்க, சக்கரம் தொங்கிட்டு இருக்கும்போதே ஆர்ம் போல்ட்ட கடைசி வரைக்கும் இறுக்கிட்டாங்களான்னு கேளுங்க. அந்த ரப்பர் எந்த நிலையில இறுக்குனீங்களோ அங்கயே பிடிச்சுக்கும், வண்டிய இறக்குனதும் நின்ன எடத்துலயே முறுக்கிக்கிட்டு கிடக்கும், ஒவ்வொரு குழியிலயும் இன்னும் முறுக்கும், கிழியாம என்ன பண்ணும். முதல்ல கையால மாட்டி, வண்டிய தரையில இறக்கி, முன்ன பின்ன தள்ளி உக்கார விட்டு, அதுக்கப்புறம்தான் முழுசா இறுக்கணும்.

கேள்வி: பிரேக் அடிச்சா முன்னாடி முன்னவிட ஜாஸ்தி குனியுது, ஏன்?

பின் ஆக்ஸில் பக்கத்துல சேஸில ஒரு வால்வும் அதுலருந்து ஆக்ஸிலுக்கு ஒரு கம்பியும் இருக்கான்னு பாருங்க. சுமை ஏறி வண்டி தாழ்ந்தா பின் பிரேக்குக்கு பிரஷர் கூட்டறது அதோட வேலை. நீங்க தூக்கினதும் வண்டி காலின்னு நினைச்சுக்கிட்டு பின் பிரேக்க குறைச்சிடுது. கம்பி மாட்டற பிராக்கெட்ட தூக்கின அளவுக்கு சரி பண்ணணும். அப்படியே சக்கரம் முழுசா தொங்கும்போது பிரேக் ஹோஸ் விறைப்பா இழுக்குதான்னும் பாருங்க, இழுத்தா நீள ஹோஸ் மாத்தாம ரோட்டுல எடுக்காதீங்க.

கேள்வி: நீங்க சொன்ன 265/75 டயர் மாத்துனா ஸ்பீடோ மீட்டர் தப்பா காட்டுமா?

ஒரிஜினல் டயர்ல மீட்டர் சரியா இருந்துச்சுன்னா, அது 100 காட்டும்போது நிஜத்துல 107 போறீங்க. கியரும் அதே அளவுக்கு நீளுது, 4.10 ரேஷியோ டிஃபரன்ஷியல் 3.82 மாதிரி நடந்துக்கும், ஏத்தத்துல ஒரு கியர் சீக்கிரமே குறைக்க வேண்டி வரும்.

கேள்வி: ஸ்டெப்னி மட்டும் பழைய சைஸே இருக்கட்டுமா அண்ணா?

வேணாம்மா. 4 வீல் டிரைவ் போடும்போது ஒரு சக்கரம் சின்னதா இருந்தா முன்னாடியும் பின்னாடியும் இழுவைய பிரிச்சு குடுக்கற டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் அடி வாங்கும். 5 டயரும் ஒண்ணா வாங்கிடுங்க.

கேள்வி: உரசல முன்னாடியே எப்படி கண்டுபிடிக்கறது?

ஒரே ஒரு புது டயர மட்டும் முதல்ல மாட்டி, ஸ்டியரிங்க கடைசி வரைக்கும் ஒடிச்சு பின்னாடி உருட்டுங்க, நிறைய வண்டியில ரிவர்ஸ்லதான் பிளாஸ்டிக் லைனர்ல படும். அப்புறம் எதிர்ப்பக்க சக்கரத்த ஒரு மேட்டுல ஏத்தி, இந்தப் பக்கமும் ஏத்தி பாருங்க. சஸ்பென்ஷன் முழுசா அமுங்கும்போது இடிக்கற ரப்பர் ஸ்டாப்பர் மேல களிமண் உருண்டை ஒட்டி ஒரு நாள் ஓட்டுனா எவ்வளவு நசுங்குதுன்னு தெரியும், அது தட்டையாகறதுக்கு முன்னாடியே டயர் எங்கயாவது பட்டிருந்தா அந்த சைஸ் உங்க வண்டிக்கு பெருசு, ஒரு சைஸ் கீழ பாருங்க.